மலையைப் பார்க்காமல் வடக்கைக் காட்டியவருக்கு

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். 1989 ஆகஸ்டு ஏழாம் நாள், திங்கட்கிழமை. மேட்டுக்கொல்லைக் கரட்டு மேட்டில் நட்ட இருபது மீட்டர்க் கம்பத்தின் கீழே நின்று நீங்கள் முதல் குறிப்பை எழுதிய நேரம் அது. அந்த ஏடு எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. பிறகு வந்த ஏடுகளும் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளில் அட்டையின் நிறம் மாறியிருக்கிறது. கையெழுத்து மாறவில்லை.

மதிப்பிற்குரிய திரு. சகாதேவன் அவர்களே!

காற்றாலைப் பண்ணையின் கள மேற்பார்வையாளராக இருந்து, 2004 மே 31 ஆகிய இன்று பணி நிறைவு பெறும் உங்களுக்கு, வேங்கிக்கால் அலுவலகத்திலும் மேட்டுக்கொல்லைக் களத்திலும் உங்களோடு வேலை செய்த இருபத்தாறு பேர் சேர்ந்து இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

தேரடித் தெரு அச்சகத்தில் இத்தகைய மடல்களுக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். பண்பின் சிகரமே, பணிவின் பெட்டகமே, பாசத்தின் பாற்கடலே என்று பதினான்கு விளிகள் அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன. பெயரை மட்டும் சேர்த்தால் போதும். சிகரம் என்ற சொல்லைப் பார்த்ததும் எங்களில் சிலர் சிரித்துவிட்டோம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவையோருக்கும் சற்று நேரத்தில் தெரியவரும்.

மடலுக்கு விவரம் கேட்க அலுவலக உதவியாளர் கவிநிலா உங்களிடம் வந்தார். நீங்கள் சொன்னதை அவர் அப்படியே எழுதி வந்து எங்களிடம் தந்தார்.

"எத்தினி வருஷம், என்னென்ன போஸ்டு, எல்லாம் ஃபைல்ல கீதும்மா. அதப் பாத்து எழுதிக்குங்க. நான் திசைய தப்பா வெச்சத மட்டும் உட்டுடாதீங்க."

விடவில்லை. மடலில் பேச்சு வரக்கூடாது என்று அச்சகத்தார் சொன்னார். அதை மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

கடமை தவறாதவரே!

நீங்கள் பிறந்தது சன்னதித் தெருவில். அந்தத் தெருவில் நின்றால் எதிரே கோபுரம், கோபுரத்துக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மாலைச் சூரியன். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு மேற்கு எது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மலை இருக்கும் பக்கம் மேற்கு. மலையை இடக்கைப் பக்கம் வைத்து நின்றால் முகம் பார்ப்பது வடக்கு. வீடு கட்டுகிறவர் முதல் விறகு அடுக்குகிறவர் வரை எல்லாருக்கும் அதுவே அளவு.

காற்றை அளக்கும் கம்பத்தை மேட்டுக்கொல்லையில் நட்டபோது நீங்களும் அதையே செய்தீர்கள். அவ்வூர் கீழ்பென்னாத்தூருக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. கம்பத்தின் உச்சியில் இரண்டு கருவிகள். காற்றின் வேகத்துக்குச் சுழலும் மூன்று கிண்ணங்கள் ஒன்று. காற்று வரும் திசைக்குத் திரும்பும் வால் மற்றொன்று. வாலின் அடியில் வடக்கு என்று ஒரு குறி இருக்கும். அந்தக் குறியை உண்மையான வடக்குக்கு நேராகப் பொருத்த வேண்டும். இரும்புக் கம்பத்தின் அருகே காந்த முள் நிலையாக நிற்கவில்லை. நீங்கள் மேலே ஏறி நின்று சுற்றிலும் பார்த்தீர்கள். தொலைவில் மலை தெரிந்தது. மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்குக் குறியைப் பொருத்திவிட்டு இறங்கினீர்கள்.

ஆனால் மேட்டுக்கொல்லையிலிருந்து பார்த்தால் மலை மேற்கில் இல்லை. தென்மேற்கில் இருக்கிறது.

அடுத்த மூன்று ஆண்டுகள் முதல் பேருந்தில் கீழ்பென்னாத்தூரில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் கரட்டுக்குப் போய், ஏழு நாற்பதுக்குக் குறிப்பெழுதி, நண்பகல் பேருந்தில் திரும்பினீர்கள். மழை என்று நின்றதில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் பேருந்து ஊருக்குள் நுழைய முடியாத நாட்களில், ஊர் எல்லை வரை நடந்துபோய் ஏறினீர்கள். ஒரு நாள் குறிப்புகூட விடுபடவில்லை. அத்தனை குறிப்புகளிலும் வேகம் சரி. அத்தனையிலும் திசை தவறு. தென்மேற்கிலிருந்து வந்த காற்று மேற்கிலிருந்து வந்ததாக எழுதப்பட்டது. இரண்டுமே அந்தப் பருவத்துக்கு நம்பத்தக்க திசைகள் என்பதால் யாருக்கும் ஐயம் வரவில்லை.

அந்தக் குறிப்புகளை வைத்து நாற்பது காற்றாலைகளுக்கு வரைபடம் தயாரானது. இங்கே அமர்ந்திருக்கும் ஊர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றாலையின் தலை காற்றைப் பார்த்துத் தானே திரும்பிக்கொள்ளும். கால் திரும்பாது. ஒன்றின் பின்னால் ஒன்று நின்றால், முன்னால் நிற்பது எடுத்துக்கொண்ட காற்றின் மிச்சமே பின்னால் நிற்பதற்குக் கிடைக்கும். ஆகவே காற்று வரும் திசைக்குக் குறுக்கே வரிசை அமைய வேண்டும். திசை தவறினால் வரிசை தவறும். வரிசை தவறினால், நட்டவை இருபத்தைந்து ஆண்டுகள் தவறாகவே நிற்கும்.

வரைபடத்தின்படி நிலங்கள் பேசி முடிக்கப்பட்டன. எந்திரம் நிற்கும் நிலத்தின் குடும்பத்தில் ஒருவருக்குக் களத்தில் வேலை என்பது நிறுவனம் தந்த சொல். பத்தொன்பதாம் எண் எந்திரம் பாஞ்சாலையம்மாளின் வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லையில் வரவேண்டும். கணவர் இல்லை. மகன் அர்ஜுனன் அப்போதுதான் ஐ.டி.ஐ.யில் மின்பணி படித்து முடித்திருந்தார். அவருக்கு வேலை என்று முடிவாயிற்று. ஊரில் அவரை அதற்குள் "காத்தாடி ஆபீசர்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

1992 கார்த்திகை தீபத்தன்று களக் காவலர் ஊருக்குப் போக விடுப்புக் கேட்டார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். பிறந்ததிலிருந்து ஊரிலேயே தீபம் பார்த்த நீங்கள் வேறோர் இடத்திலிருந்து அதைப் பார்த்தது அன்றுதான். அந்தக் கரட்டில் ஒரு மாலைப் பொழுது வரை தங்கியதும் அன்றுதான் முதல்முறை. ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்தது. பாஞ்சாலையம்மாளும் மற்றவர்களும் கும்பிட்டார்கள். நீங்கள் கும்பிடக் கையெடுத்தீர்கள். பிறகு கையை இறக்கிவிட்டீர்கள். சூரியன் மறைந்த சிவப்பு மலைக்குப் பின்னால் இல்லை. தீபத்துக்கு வலப்பக்கம் தள்ளி இருந்தது.

மறுநாள் காலை கம்பத்தின் அருகே ஒரு குச்சியை நட்டீர்கள். நிழலின் நுனி நகர நகர அங்கங்கே சுண்ணாம்புத் தூளால் புள்ளி வைத்தீர்கள். நண்பகலில் நிழல் மிகவும் குறுகிய இடத்தில் ஒரு கோடு இழுத்தீர்கள். அதுதான் வடக்கு. நீங்கள் பொருத்திய வடக்கு அதிலிருந்து அரைச் செங்கோணம் விலகியிருந்தது.

அடித்தளக் குழி தோண்ட இன்னும் ஒன்பது வாரங்கள் இருந்தன. தவறு உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். எந்திரங்கள் எப்படி நின்றாலும் சுழலும். காற்று குறைவாகக் கிடைத்தால், காற்றையே குறை சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் நேரே வேங்கிக்கால் வந்தீர்கள். இன்று மேடையில் பொது மேலாளராக அமர்ந்திருக்கும் திரு. கோதண்டராமன் அவர்கள் அப்போது முதன்மைப் பொறியாளர். அந்தப் பேச்சைப் பலமுறை எங்களுக்கு விருப்பத்தோடு சொல்லியவர் அவரே. அதனால் அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம்.

"மூணு வருஷம் கழிச்சி வந்து சொல்றீங்களே?"

"நேத்து சாயந்தரம்தான் சார் தெரிஞ்சது."

"மலைய வெச்சி குறிச்சேன்னு சொல்றீங்க. மலை எங்கய்யா போச்சி?"

"மலை அங்கியேதான் சார் கீது. நான்தான் வேற எடத்துல நின்னுட்டேன்."

குறிப்புகள் திருத்தப்பட்டன. வரைபடம் மாறியது. வேலை தொடங்க எட்டு மாதங்கள் தாமதமாயிற்று. உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. அந்த ஆணையைப் பெற்றுக்கொண்டதற்கு நீங்கள் இட்ட கையெழுத்து, ஏட்டில் உள்ள கையெழுத்தைப் போலவே நேராக இருக்கிறது.

வரிசைகள் திரும்பியதில் ஏழு நிலங்கள் விடுபட்டன. அந்த ஏழு வீட்டாருக்கும் கடிதம் அனுப்ப அலுவலகம் முடிவு செய்தது. கடிதங்களை வாங்கிக்கொண்டு நீங்களே போனீர்கள். ஆறு வீடுகளில் என்ன பேசினார்கள் என்று நீங்கள் எங்களிடம் சொன்னதில்லை. ஏழாவது வீட்டில் பேசியதை ஊரே கேட்டது.

"ஏன் சார், தப்பா நட்டது நீ. வேல போறது எம் புள்ளைக்கா?"

"ஆமாம்மா."

"ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

அர்ஜுனன் குறுக்கே வந்து சொன்னார்: "உடு மா. காத்துக்கே வழி தெரில. அவருக்கு எப்படித் தெரியும்?"

ஊர் சிரித்தது. பாஞ்சாலையம்மாள் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அர்ஜுனன் ஓசூருக்குப் போனார். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. இன்றும் அங்கேதான் இருக்கிறார். ஒப்பந்தமும் அதேதான். ஆண்டுக்கு ஒருமுறை தீபத்துக்கு வருகிறார்.

திசை அறிந்தவரே!

இந்த விளி அச்சகத்து மாதிரியில் இல்லை. நாங்கள் சேர்த்தது.

1993க்குப் பிறகு களத்திலும் அலுவலகத்திலும் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரையும் முதல் நாளே கம்பத்தடிக்கு அழைத்துப் போனீர்கள். ஒரு குச்சியும் ஒரு கொட்டாங்கச்சியில் சுண்ணாம்புத் தூளும் கொடுத்து, சாயங்காலத்துக்குள் வடக்கைக் காட்டச் சொன்னீர்கள். பொறியாளர் என்றும் காவலர் என்றும் வேறுபாடு பார்க்கவில்லை. இங்கே கையெழுத்திடும் இருபத்தாறு பேரும் அந்த வெயிலில் ஒரு பகல் உட்கார்ந்தவர்கள். பொறியாளர் பிரகாஷ் முதல் நாளில் உங்களிடம் கேட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

"சார், பையில காம்பஸ் வெச்சிருக்கேன். எதுக்கு சார் குச்சி?"

"காம்பஸுக்கு இரும்பப் பாத்தா புத்தி மாறிடும் தம்பி. எனக்கு மலையப் பாத்து மாறிச்சி. உனக்கு எதப் பாத்து மாறும்னு தெரியாதே. உக்காரு."

நாற்பது எந்திரங்கள் 1996இல் ஓடத் தொடங்கின. இரண்டாம் கட்டத்தில் ஐம்பத்தாறு சேர்ந்தன. இன்று தொண்ணூற்றாறு நிற்கின்றன. ஒன்றுகூட மற்றொன்றின் மிச்சக் காற்றில் நிற்கவில்லை. இதைவிட நீளமாகப் புகழ எங்களுக்குத் தெரியவில்லை.

விடுபட்ட ஏழு நிலங்களில் ஆறு இரண்டாம் கட்டத்தில் சேர்ந்துவிட்டன. அந்த ஆறு வீடுகளிலிருந்தும் ஆள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் நால்வர் இம்மடலில் கையெழுத்திடுகிறார்கள். பாஞ்சாலையம்மாளின் நிலம் மட்டும் சேரவில்லை. தென்மேற்குக் காற்றை ஏரிக்கரை தடுக்கும் இடத்தில் அது இருக்கிறது. அங்கே எந்திரம் வைக்க எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நீங்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அது உங்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

2000ஆம் ஆண்டில் கிரேன் போக அந்தக் கொல்லையின் ஓரமாக ஒரு பாதை தேவைப்பட்டது. மூன்று முறை பிரகாஷ் போய்க் கேட்டார். மூன்று முறையும் திரும்பி வந்தார்.

"ரோடு போட்டா உங்க கொல்லைக்கும் வண்டி வரும்மா."

"வண்டி வந்து என்னா பண்ண? ஓட்றவன் ஓசூர்ல கீறான். நீ போ. அந்தத் திசைக்காரர அனுப்பு."

நீங்கள் போனீர்கள். உச்சி வெயில். பாஞ்சாலையம்மாள் உங்களைக் கொல்லையின் நடுவே நிறுத்தினார். பத்திரத்தோடு போன எங்களில் மூவர் வரப்பில் நின்றோம்.

"வடக்கு எது, காட்டு."

நீங்கள் திரும்பினீர்கள்.

"மலையப் பாக்காத. மலையப் பாத்துதான் எங்குடி கெடுத்த. அந்தப் பக்கம் திரும்பி நின்னு சொல்லு."

மலைக்கு முதுகு காட்டி நின்றீர்கள். குனிந்து உங்கள் நிழலைப் பார்த்தீர்கள். மணி பார்த்தீர்கள். கை நீட்டினீர்கள்.

அந்த அம்மாள் நீங்கள் காட்டிய பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எட்டு வருஷம் கழிச்சி கத்துக்கின," என்று சொல்லி ரேகை வைத்தார். பாதைக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். எந்திரம் நிற்கும் நிலத்துக்குத்தான் வேலை, பாதை போகும் நிலத்துக்கு இல்லை என்ற விதி அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு மோர் கொண்டுவந்தார். எங்களுக்கும் கொடுத்தார், உங்களுக்குக் கொடுத்த பிறகு.

இந்த மடலுக்காக உங்கள் கோப்பைப் புரட்டியபோது, நீங்கள் எங்களிடம் சொல்லாத ஒன்றைக் கண்டோம். 1994 தொடங்கி ஒவ்வொரு ஜனவரியிலும் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பதினொரு கடிதங்கள். தேதி மட்டும் வேறு. "மேட்டுக்கொல்லை அர்ஜுனன், மின்பணி படித்தவர். நிறுவனம் இவருக்குச் சொன்ன வேலை, நான் திசையைத் தவறாகக் குறித்ததால் இல்லாமற்போனது. களத்தில் இடம் காலியாகும்போது இவரைக் கருத வேண்டுகிறேன்." பத்துக் கடிதங்களுக்கு, இப்போது காலியிடம் இல்லை என்ற பதில் இருக்கிறது. இந்த ஆண்டுக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

நீங்கள் ஓய்வு பெறுவதால் களத்தில் அடுத்தடுத்து ஒவ்வொருவராக மேலேறுவார்கள். நாளை காலை அடிமட்டப் பணியில் ஓரிடம் காலியாக இருக்கும். இதை நாங்கள் யாருக்கும் நினைவூட்டவில்லை. மடலில் எழுதுகிறோம், அவ்வளவுதான். கண்ணாடிச் சட்டம் போட்ட மடலைக் கோப்பில் வைத்து மூட முடியாது.

நினைவுப் பரிசு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே நாங்கள் தருவது இம்மடலும் ஒரு குச்சியும். குச்சி, கம்பத்தடியில் நீங்கள் 1992இல் நட்டது. கரையான் தொட்ட அடிப்பாகத்தை மட்டும் வெட்டியிருக்கிறோம்.

ஐயா!

நோயின்றி நெடுங்காலம் இருங்கள். நண்பகல் பேருந்துக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் தெருவில் நின்று, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதை மாலைதோறும் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த இடத்திலிருந்து மட்டும் அது சரியான மேற்கு.

இங்ஙனம், வேங்கிக்கால் அலுவலகத்தையும் மேட்டுக்கொல்லைக் களத்தையும் சேர்ந்த இருபத்தாறு பேர். கையெழுத்துகள் கீழே உள்ளன.

கையெழுத்துகளுக்கு அடியில் இன்னும் ஒருவருக்கு இடம் விட்டிருக்கிறோம். விழாவுக்கு அழைக்கப் போனபோது பாஞ்சாலையம்மாள் தானும் இதில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். எழுதத் தெரியாது என்பதால் கவிநிலா கேட்டு எழுதினார். ரேகை அவருடையது. சொற்களும் அவருடையவை. நாங்கள் எதையும் திருத்தவில்லை.

"நாளைலருந்து உன் எடம் காலின்னு சொல்றாங்களே சார், எம் புள்ளைய வரச் சொல்லட்டுமா?"